பழைய மோட்டாரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? தூரப் பயணக்காரர்கள் போட வேண்டிய கணக்கு

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வரும் அதே மோட்டார், நீண்ட விடுமுறை வந்தால் கேமரன் மலை ஏறும். பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயம் வரை போகும். நண்பர்கள் சேர்ந்தால் புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைக் கடந்து ஹாட்யாய் வரைக்கும் ஓடிவிட்டு வரும். பெரிய சிசி டூரிங் வண்டிகள் வைத்திருப்போர் இந்தப் பக்கம் குறைவு. இங்குள்ளவர்களின் டூரிங் வண்டி பெரும்பாலும் ஓர் எல்சி, ஓர் ஈஎக்ஸ்5, ஒரு கிரிஸ், இல்லையென்றால் பாதுகாத்து வைத்திருக்கும் ஓர் ஆர்எக்ஸ்இசட்.

அப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய மோட்டாருக்கு ஒருநாள் பட்டறையில் பெரிய செலவு எழுதிக் கொடுக்கிறார்கள். “இந்தக் காசைப் போட்டு இதைச் செய்வதைவிட, முன்பணம் கட்டிப் புதுசு எடுத்துவிடலாமே” என்று வீட்டில் பேச்சு எழுகிறது. மாதத் தவணை என்பது தோட்டத் தொழிலாளியின் குடும்பத்தில் சின்ன விஷயம் இல்லை. 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஐந்தாண்டுக்கு ஒரு பங்கை எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுவது நல்லது.

பலரும் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. மோட்டாரின் சந்தை விலை 2,500 வெள்ளி, பழுதுபார்க்கும் செலவு 2,400 வெள்ளி. ஆகவே செலவு செய்வது வீண் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வண்டியை நாளை விற்கப் போகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. வைத்து ஓட்டப் போகிறவர் பார்க்க வேண்டியது, இந்த 2,400 வெள்ளி இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டத்தை வாங்கித் தருகிறது என்பதைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு வட்டமான எண்களை வைத்துக்கொள்வோம். அந்த 2,400 வெள்ளிச் செலவு மூன்று ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 800. எண்ணெய், செயின், பிரேக் என்று வழக்கமான செலவு 600. ஆண்டுதோறும் குறையும் விற்பனை விலை 300. ஆக ஆண்டுக்கு 1,700 வெள்ளி. புதிய மோட்டார் 12,000 வெள்ளி, முன்பணம் 2,000, மீதி 10,000-க்கு ஐந்தாண்டுத் தவணை என்று வைப்போம். கடையில் ‘ஃபிளாட்’ 8 விழுக்காடு என்று சொன்னால், ஆண்டுக்கு 800 வீதம் ஐந்தாண்டுக்கு வட்டி மட்டும் 4,000. மாதம் சுமார் 233 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி ஏறக்குறைய 14 விழுக்காடு. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், கேட்டால்தான் வரும்.

மொத்தம் 16,000 வெள்ளி கட்டி, ஐந்தாண்டு கழித்து 5,000-க்கு விற்றால் கைவிட்டுப் போனது 11,000. ஆண்டுக்கு 2,200, அதோடு பராமரிப்பு 500 சேர்த்தால் 2,700. பழையதை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளி மிச்சம். அதே பழுதுபார்ப்பு இரண்டு ஆண்டுதான் தாங்கும் என்றாலும் ஆண்டுச் செலவு 2,100. அப்போதும் பழையதே மலிவு. ஒரே ஆண்டில் மறுபடியும் பட்டறைக்குப் போகும் என்றால் 3,300. அங்கேதான் கணக்கு புரள்கிறது. ஆகவே மெக்கானிக்கிடம் “எவ்வளவு ஆகும்” என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. “செய்தால் எவ்வளவு நாள் தாங்கும், அடுத்து எது போகும்” என்றும் கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக்கிற்குப் பதில் தெரியும்.

அந்தப் பதில் எஞ்சினைவிடச் சட்டத்தைப் பொறுத்தது. எஞ்சின் என்பது பாகங்களின் கூட்டம். பிஸ்டன், ரிங், வால்வு, கிளட்ச் எல்லாம் கடையில் கிடைக்கும். நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினில், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. சட்டத்தில் விரிசல் விழுந்தால், ஹேண்டல் கழுத்துப் பகுதியில் பற்ற வைத்த தழும்பு இருந்தால், ஸ்விங் ஆர்ம் பொருத்தும் இடம் துருப்பிடித்து உதிர்ந்தால், அந்த மோட்டாரை நெடுந்தூரப் பயணத்திலிருந்து விலக்கிவிட வேண்டியதுதான். இதில் பாசத்துக்கு இடமில்லை.

ஜெராம், தஞ்சோங் காராங், செகிஞ்சான் கரையோரத்தில் உப்புக் காற்று. உள்ளே தோட்டத்துக்குப் போனால் செம்மண் சேறும் உரமும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வேலை செய்யும். பின்னால் பெரிய பெட்டி மாட்டி, அதில் பத்துக் கிலோ சாமான் ஏற்றி, மனைவியையும் உட்கார வைத்து மலை ஏறும் வண்டிகளில் பெட்டியின் தாங்கியும் அதைப் பிடித்திருக்கும் சட்டமும் மெல்ல மெல்லக் களைத்துப்போகும். வருடத்தில் ஒருமுறையாவது பெட்டியையும் இருக்கையையும் கழற்றி, கழுவி, வெயிலில் வைத்து அந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் சில. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டலை இடவலமாகத் திருப்பும்போது நடுவில் ‘டக்’ என்று பிடித்தால் கழுத்து பேரிங் தேய்ந்துவிட்டது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சக்கர பேரிங். முன் ஃபோர்க் குழாயில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் பிரேக் தட்டில் இறங்கினால் ஆபத்து. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கோடு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருந்தால் மழையில் பிடிக்காது.

யமஹா 135எல்சி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வட்டாரத்தில் அது நிறைய. 2006-இல் மலேசியாவில் அறிமுகமான அந்த மோட்டாரின் சிலிண்டர், சிலிக்கான் கலந்த அலுமினியத்தால் ஆனது. பழைய இரும்பு சிலிண்டரைப்போல் ‘போர்’ அடித்துப் பெரிய பிஸ்டன் போடும் பழக்கம் அதற்குச் சரிவராது. தேய்ந்தால் பிளாக்கையே மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது 62, 65 மில்லி என்று பெரிய பிளாக் போடச் சொல்லும் ஆசை வரும். பயணத்துக்கு அது வேண்டாம். சூடு கூடும், எண்ணெய் குடிக்கும், நான்கு லிட்டர் டாங்கி இன்னும் சீக்கிரம் காலியாகும். கிராண்டில் எழுதியுள்ள சிசி ஒன்று, வண்டியில் இருக்கும் சிசி வேறொன்று என்றால், விபத்து நேரத்தில் காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

வயதை மட்டும் வைத்து ஒரு மோட்டாரை ஓய்வுக்கு அனுப்ப முடியாது. பாகம் கிடைக்கிறவரை வண்டி ஓடும். ராயல் என்ஃபீல்டு புல்லட்டை நினைத்துப் பார்க்கலாம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. பின்னாளில் இங்கிலாந்தின் தாய் நிறுவனமே மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் உற்பத்தி தொடர்ந்ததால் பல பத்தாண்டு பழைய புல்லட்டுகள் இன்றும் சாலையில் உள்ளன. எல்சிக்கும் ஈஎக்ஸ்5-க்கும் அந்த நிலைதான் இங்கே: சபாக் பெர்ணத்தில் நின்றாலும், தாப்பாவில் நின்றாலும், ஏதோ ஒரு பட்டறையில் பாகம் இருக்கும். கார்புரேட்டர் மோட்டாரை ஸ்பேனரும் அனுபவமும் உள்ள யாரும் சாலையோரத்தில் உயிர்ப்பிக்க முடியும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் குறைவாகப் பழுதாகும், குறைவாகக் குடிக்கும். பழுதானால் சோதனைக் கருவி உள்ள பட்டறையைத் தேட வேண்டும். ஆர்எக்ஸ்இசட்காரர்களின் கணக்கு மட்டும் வேறு. 2011-இல் உற்பத்தி நின்ற பிறகு அதன் விலை ஏறியது. அசல் பாகமும் விலை ஏறியது. திருடன் கண்ணும் அதன்மேல்தான். அதைத் தூரப் பயணத்துக்கு ஓட்டுவதா, வீட்டில் பூட்டி வைப்பதா என்பது தனி விவாதம்.

புதியதை எடுக்கச் சொல்லும் நியாயமான காரணங்களும் இருக்கின்றன. முதலாவது பிரேக். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாக சபாக் பெர்ணம் போகும் கூட்டரசு சாலை 5-இல் செம்பனைக் குலை லாரி, மணல் லாரி, திடீரென்று குறுக்கே வரும் மாடு எல்லாம் உண்டு. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுடையது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஈரச் சாலையில் பதறிப் பிரேக் அழுத்தும்போது வண்டி வழுக்காமல் காக்கிறது. 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு 2025 ஜனவரி முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய மோட்டாரில் அதைப் பொருத்த வழியில்லை. மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவருக்கு, ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளி அதிகம் கொடுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும் என்றால், அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாவது, ஓட்டுபவரின் உடம்பு. இருபத்தைந்து வயதில் தெரியாத முதுகுவலி நாற்பத்தைந்தில் தாப்பா தாண்டுவதற்குள் தெரியும். டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளரின் கதை இதற்குப் பொருந்தும். 1973-இல் லண்டனிலிருந்து 500 சிசி டிரையம்ப் டைகர் மோட்டாரில் கிளம்பியவர், வழியில் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, மலேசியா, இந்தியா உட்பட 45 நாடுகளைச் சுற்றி நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டினார். 2001-இல், 69 வயதில், அதே பாதையில் மறுபடியும் கிளம்பினார். அப்போது பழைய டிரையம்ப்பைத் தொடவில்லை. ஒரு பிஎம்டபிள்யூ எடுத்துக்கொண்டார். டிரையம்ப் கோவென்ட்ரி நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைவிட அந்த வண்டியை நேசித்தவர் யார் இருக்க முடியும்?

பெரிய வண்டிக்கு மாற நினைப்பவர்கள் உரிமத்தையும் பார்க்க வேண்டும். பி2 உரிமம் 250 சிசி வரைதான். அதற்கு மேல் 500 சிசி வரை பி1, அதையும் தாண்டினால் முழு பி. சாலை வரி 150 சிசி வரை 2 வெள்ளி, 151 முதல் 200 வரை 30, 250 வரை 50, 500 வரை 100. வரி பெரிய சுமை இல்லை. காப்புறுதியும் டயரும் செயினும்தான் சிசியோடு சேர்ந்து ஏறும். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, அது எந்த சிசியானாலும்.

பழையதை உள்ளூருக்கும், புதியதைப் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளும் நடுவழியைப் பலர் விரும்புவார்கள். லயத்து வீட்டில் ஒரு மோட்டாருக்கே கூரை போதாது. இரண்டு காப்புறுதி, இரண்டு பேட்டரி, இரண்டு செட் டயர். ஓடாமல் நிற்கும் மோட்டார் ஓடும் மோட்டாரைவிடச் சீக்கிரம் கெடும். வீட்டில் இன்னொருவர் அதை ஓட்டுவார் என்றால் மட்டுமே இந்த வழி பொருந்தும்.

விற்பது என்று முடிவானால் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். தெரிந்த தம்பிதானே என்று சாவியையும் கிராண்டையும் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றாமல் விடுவது. அதன்பின் வரும் சம்மன் எல்லாம் பழைய உரிமையாளர் பெயரில்தான் வரும். விபத்து நடந்தால் போலீசார் முதலில் தட்டுவதும் அவர் கதவைத்தான். சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் இரு தரப்பும் கைரேகை வைத்துப் பெயர் மாற்றிய பிறகே சாவி கை மாற வேண்டும்.

தாய்லாந்துப் பயணத்தை மனத்தில் வைத்துப் புதிய மோட்டார் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவணை முடியாத வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக, கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் தேவைப்படும். அதை வாங்கச் சில நாட்கள் பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பலாம் என்று வியாழக்கிழமை கேட்டால் கிடைக்காது.