லாரி ரயிலேறும் கதை: இணையத்தின் சுரங்கப்பாதைகள்

நம் சங்க அன்பர்கள் சிலர் அண்மையில் ஒரே சந்தேகத்தை வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்டார்கள். "வீட்டு இணைய இணைப்புக்குச் சொந்த முகவரி வேண்டுமானால் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டச் சொல்கிறார்களே, அது என்ன முகவரி? யாரோ இலவசமாகச் சுரங்கப்பாதை தருகிறார்களாமே, அதை நம்பலாமா?" நான் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என் தொழில் அல்ல. ஆனால் சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பத்திரமாகச் சேர்ப்பதுதான் ரயிலுக்கும் இணையத்துக்கும் வேலை. ஆகவே எனக்குப் புரிந்த முறையில் விளக்குகிறேன்.

முகவரிப் பஞ்சம்

தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071 என்று பின்கோடு இருப்பதுபோல, இணையத்தில் சேரும் கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். 1981-ல் வகுக்கப்பட்ட ஐ.பி. 4 என்னும் விதிமுறைப்படி மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. இன்று உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. உலகுக்கெல்லாம் முகவரி பங்கிடும் ஐயானா அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஆப்னிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் முதல் மீதமிருந்ததை ரேஷன் கடை போல அளந்து கொடுக்கத் தொடங்கியது.

முகவரி கிடைக்காத இணைய நிறுவனங்கள் என்ன செய்தன? நம்மவர்கள் ஊரிலிருந்து வந்த புதிதில் செய்ததையே செய்தன. சாலில் குடியிருக்கும் இருபது பேருக்கும் கீழ்த்தளத்து மளிகைக் கடையே முகவரி. எல்லாக் கடிதங்களும் "மே/பா" போட்டு அங்கே வரும். அதுபோல நூற்றுக்கணக்கான வீடுகள் இன்று ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால் கடைக்காரர் குறிப்பைப் பார்த்து நம்மிடம் சேர்த்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக நம்மைத் தேடி வந்தால், எந்த அறை என்று அவருக்குத் தெரியாது.

தாராவி 90 அடிச் சாலையில் தோல் பை வியாபாரம் செய்யும் என் நண்பருக்கு இதுதான் தொல்லை. கொடை விழாவுக்கு நெல்லைச் சீமைக்குப் போனால், அங்கிருந்தே கடையின் கேமராவைப் பார்க்க வேண்டும். படம் யாரோ ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வருவதில் அவருக்கு விருப்பமில்லை. நேரே பார்க்கவோ சொந்த முகவரி கிடையாது.

புதிய விதியும் இரண்டு கேஜும்

இந்தப் பஞ்சத்தை முன்கூட்டியே உணர்ந்த வல்லுநர்கள் 1995 டிசம்பரில் ஐ.பி. 6 என்ற புதிய விதிமுறையை வெளியிட்டார்கள். இதில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கொடுத்தாலும் தீராது.

ஆனால் ஒரு சிக்கல். பழைய விதியும் புதிய விதியும் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் போல. ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. உலகம் முழுவதும் பழைய பாதை. புதிய பாதையோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு துண்டாக இருந்தது. இடைவெளியை எப்படிக் கடப்பது?

கொங்கண் ரயில்வே காட்டும் வழி

1999 ஜனவரி 26 அன்று கொங்கண் ரயில்வே, கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே ரோரோ சேவையைத் தொடங்கியது. சரக்கு ஏற்றிய லாரி அப்படியே தட்டை வேகன்மேல் ஏறிக்கொள்ளும். மறுமுனையில் இறங்கித் தன் வழியே சாலையில் போகும். லாரிக்குள் இருப்பது வெங்காயமா இரும்பா என்று ரயிலுக்குக் கவலையில்லை.

இணையச் சுரங்கம் என்பது இதுவே. மலையைக் குடைவது ஒன்றுமில்லை. ஐ.பி. 6 பாக்கெட் முழுவதையும் ஓர் ஐ.பி. 4 பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே பழைய முகவரியை எழுதி அனுப்புகிறார்கள். உள்ளே இருப்பது ஐ.பி. 6 சரக்கு என்பதற்கு அடையாளமாக 41 என்ற எண்ணைப் போடுகிறார்கள். மறுமுனையில் உறையைப் பிரித்தால் உள்ளே புதிய பாக்கெட் பழுதின்றி இருக்கும்.

தரகர்கள் வந்த கதை

1996-ல் தொடங்கிய 6போன் என்ற சோதனை வலையமைப்பு பெரும்பாலும் இத்தகைய சுரங்கங்களால்தான் பின்னப்பட்டது. அதற்கு ஆட்கள் ஒவ்வொரு முனையையும் கையால் அமைக்க வேண்டியிருந்தது. இதைத் தானியங்கி ஆக்கியதே டனல் புரோக்கர், அதாவது சுரங்கத் தரகர். 2001 ஜனவரியில் இதற்கான விளக்க ஆவணம் வந்தது. தரகரிடம் பதிவு செய்து நம் பழைய முகவரியைச் சொன்னால், அவர் தம் சர்வரில் ஒரு முனையை அமைத்து, நம் ரவுட்டரில் என்ன எழுத வேண்டும் என்பதையும் ஒரு கட்டுப் புதிய முகவரிகளையும் தருவார். அமெரிக்காவின் ஹரிக்கேன் எலக்ட்ரிக், கனடாவின் ஃப்ரீநெட்6, ஐரோப்பாவில் தொண்டாக நடந்த சிக்ஸ் எக்ஸ் எஸ் ஆகியவை புகழ் பெற்றவை. மூன்றும் இலவசம்.

மைக்ரோசாஃப்டில் உருவான இன்னொரு முறைக்கு டெரடோ என்று பெயர். அது கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒரு புழுவின் பெயர். அந்தப் புழுவைப் பார்த்துத்தான் பொறியாளர் மார்க் புரூனல், தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் கவசத்தை வடிவமைத்தார் என்பார்கள். 1843-ல் திறந்த அந்தச் சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, சாதாரணச் சுரங்கத்துக்கு நம் பக்கத்தில் ஒரு சொந்தப் பழைய முகவரி வேண்டும். "மே/பா" முகவரியில் இருப்பவருக்கு அது அமையாது. யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே கிடைக்காது என்பதுதான் வேதனை.

இரண்டாவது, அளவு. ரோரோவில் உயரமான லாரியை ஏற்ற முடியாததுபோல, 1500 பைட் பாக்கெட்டில் மேலுறைக்கு 20 போக 1480 மட்டுமே சரக்குக்கு. இது சரியாக அமையாவிட்டால் சில தளங்கள் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது, தூரம். தரகரின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் போகும் செய்தியும் சிங்கப்பூர் போய்த்தான் வரும். நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாததால் 2016-ல் நெட்ஃபிளிக்ஸ் இத்தகைய சுரங்கங்கள் வழியே வருவோரைத் தடுத்தது.

நான்காவது, பாதுகாப்பு. இது தார்ப்பாய் போடாத வேகன். தரகர் பூட்டு எதுவும் போடுவதில்லை. மேலும், புதிய முகவரி கிடைத்தால் வீட்டுக் கருவிகள் வெளியுலகிலிருந்து நேரே எட்டும்படி ஆகிவிடும். ஃபயர்வால் என்னும் காவல் இல்லாமல் சுரங்கம் திறப்பது, வாசலுக்குக் கதவு வைக்காமல் புதுமனை புகுவதற்குச் சமம்.

சுரங்கத்தை மூடியவர்கள்

ஃப்ரீநெட்6 2016-ல் நின்றது. சிக்ஸ் எக்ஸ் எஸ் 2017 ஜூன் 6 அன்று தன் கடையைத் தானே மூடியது. அவர்கள் சொன்ன காரணம் சிந்திக்க வேண்டியது: நேரடியாக ஐ.பி. 6 தர வேண்டிய நிறுவனங்கள், சுரங்கம் இருக்கிறதே என்று சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கின்றன. இனி எங்கள் உதவியே தடையாகிவிடும். மாற்றுப்பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெயின் லைன் வேலையை நிறுத்திவிடக் கூடாது என்பது ரயில்வேக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2010-லும் 2013-லும் ஐ.பி. 6-க்கான திட்டங்களை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, ஐ.பி. 6-ஐ அடிப்படையாகக் கொண்டே தன் 4ஜி வலையை அமைத்தது. இன்று ஐ.பி. 6 பயன்பாட்டில் உலகில் முன்னணியில் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் பையில் இருக்கும் கைபேசியில் பெரும்பாலும் அது வந்துவிட்டது. பின்தங்கியிருப்பது பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரும் கம்பி இணைப்புதான்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்கள் "மே/பா" வீட்டுக்காரர். முக்காற்புள்ளிகளுடன் 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட முகவரியும் இருந்தால் ஐ.பி. 6 உங்களுக்கு வந்துவிட்டது. இல்லையென்றால் சொந்த முகவரிக்குப் பணம் கட்டுவதற்கு முன், "ஐ.பி. 6 தருகிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பவர் பத்துப் பேரானால் பதிலும் மாறும்.

தாராவி நண்பர் இப்படித்தான் கேட்டார். அவருடைய இணைப்பில் அந்த வசதி முன்பே இருந்தது. ரவுட்டரில்தான் அணைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறந்து, கேமராவை வெளியே காட்டாமல், ரவுட்டர் வழியாகப் பூட்டுப் போட்ட தனி வழி ஒன்று அமைத்துக்கொண்டார். மாதக் கட்டணமும் மிச்சம், தரகரும் தேவைப்படவில்லை.

படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகச் சுரங்கம் அமைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. அன்றாடத் தேவைக்கு நேர்ப்பாதையைக் கேட்டு வாங்குவதே அழகு.