மூன்றாவது கம்பி

உணவகச் சமையற்கூடம் ஒன்றில் மாவரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தரையெங்கும் ஈரம். உளுந்து களைந்த கையோடு ஒருவர் அதன் உலோக உடலைப் பற்றியபடி நிற்கிறார். இயந்திரத்தின் பழைய செருகி உடைந்தபோது, கைக்குக் கிடைத்த இருமுளைச் செருகியை யாரோ மாட்டிவிட்டனர். எஞ்சிய பச்சைக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டனர். இயந்திரமோ முன்போலவே ஓடுகிறது. இடர் மறைந்திருப்பது அங்கேதான்.

பேச்சுவழக்கில் நாம் பிளக் என்று சொல்லும் மின்செருகியில் மூன்று கம்பிகள் வந்து சேர்கின்றன. பழுப்பு நிறமுடையது மின்னோட்டக் கம்பி. நீலம் நடுநிலைக் கம்பி. பச்சையும் மஞ்சளும் கலந்தது புவித்தொடுப்புக் கம்பி. பழைய வடங்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் இருக்கும். முதலிரண்டில் ஒன்று அறுந்தாலும் இயந்திரம் உடனே நின்றுவிடும். மூன்றாவது கம்பி இல்லாததை எதுவும் அறிவிப்பதில்லை. அதனாலேயே பலர் அதனை வேண்டாத கம்பியென்று எண்ணிவிடுகின்றனர்.

இயந்திரத்தினுள் மின்காப்புத் தேய்ந்து, மின்னோட்டக் கம்பி உலோக உடலைத் தொடுவதாகக் கொள்வோம். புவித்தொடுப்பு முறையாக இருந்தால், மின்சாரம் அவ்வழியே பெருமளவில் பாய்ந்து, உருகி எரிந்தோ துண்டிப்பான் விழுந்தோ இணைப்பு அறும். இல்லையெனில், தொடும் கையே மின்சாரத்தின் வழியாகிவிடும். நனைந்த உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 60 வாட் குண்டு விளக்கு எடுத்துக்கொள்வதைவிட அது குறைவுதான். ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். உயிர்காக்கப் பொருத்தப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பை அறுக்குமாறு அமைக்கப்படுவது இதனால்தான்.

செருகியின் மூன்றாவது முளை மற்றவற்றைவிட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். செருகும்போது புவித்தொடுப்பு முதலில் இணையவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே அந்த நீளம். தடிப்போ, அம்முளை வேறு துளையில் நுழையாமல் காக்கிறது. நம் நாட்டில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகைச் செருகிகள் பெருவழக்கு. கருவியின் வாட் அளவை 230ஆல் வகுத்தால் தேவை புலப்படும். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலனுக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வேண்டும். அதற்கு 6 ஆம்பியர் செருகி போதாது.

செருகி மாற்றும் பணியை மின்பணி பயின்றவரே செய்தல் வேண்டும். ஆயினும் அவர் செய்வதை அறிந்திருப்பது, அக்கருவியோடு நாள்தோறும் பழகுவோர்க்கு நலம். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. செருகியைப் பிடுங்கித் தம் கண்ணெதிரே வைத்துக்கொண்டே அவர் தொடங்குவார். வடம் நடுவில் சிதைந்திருந்தால் ஒட்டுநாடா சுற்றாமல் முழு வடத்தையும் மாற்றுவார். செருகியினுள் புவித்தொடுப்புக் கம்பியைச் சற்று நீளமாக விடுவார். வடம் இழுபட நேர்ந்தால் அதுவே இறுதியில் அறவேண்டும். மெல்லிழைகளை முறுக்கி, ஓர் இழையும் வெளியே நீளாதவாறு திருகின்கீழ் இறுக்குவார். இழைகளுக்கு ஈயப்பற்று வைப்பது நன்மை எனச் சிலர் கருதுவர், அது தவறு. திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளரும். தளர்ந்த இடம் சூடேறும். கறுத்துப்போன முளைகள் பெரும்பாலும் இவ்வாறு உண்டானவையே. வடத்தைப் பற்றும் பிடிப்பான், உட்கம்பிகளை அன்றி வெளியுறையையே இறுகப் பற்றியிருக்க வேண்டும்.

சில கைக்கருவிகளுக்கு இரு கம்பிகள் மட்டுமே உண்டு. அவற்றின் உடலில் சதுரத்தினுள் சதுரம் வரையப்பட்டிருக்கும். இரட்டை மின்காப்பு உடையவை என்பதற்கான குறி அது. அவற்றுக்குப் புவித்தொடுப்பு வேண்டுவதில்லை. மாவரைக்கும் இயந்திரத்தில் அக்குறி இல்லையெனில், மூன்றாவது கம்பிக்கு விலக்கும் இல்லை.

பணி முடிந்தபின், மின்னிணைப்புக் கொடுக்குமுன், பன்னோக்கு அளவியின் ஒரு முனையைச் செருகியின் பெரிய முளையிலும் மறுமுனையை இயந்திரத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மின்தடை சுழியை ஒட்டிக் காட்டினால் வழி திறந்திருக்கிறது. வெட்டியெடுத்த பழைய செருகியின் முளைகளை வளைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். கம்பித் துண்டோடு கிடக்கும் செருகியை ஒரு குழந்தை எடுத்து எங்கேனும் செருகிப் பார்க்கக்கூடும்.