பிள்ளை பார்க்க ஆள் தேடும் யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் தொழில் இரண்டு வகை இடங்களில் நடக்கிறது. ஒன்று முன்பள்ளி. காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும். ஊரவர் அதை நேசறி என்பார்கள். சனசமூக நிலையம், கோயில், தேவாலயம், மாதர் சங்கம் என்று ஏதாவதொன்றைச் சார்ந்து ஊருக்கு ஊர் இருக்கிறது. மற்றது பகல்நேரப் பராமரிப்பு நிலையம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அங்கே இருக்கும். இவை பெரும்பாலும் நகரையும் பெரிய சந்திகளையும் அண்டியே உள்ளன. இரண்டு வகை நிலையங்களுக்கும் இப்போது ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது.

இந்தத் தட்டுப்பாட்டின் வேர் பழையது. இலங்கையின் இலவசக் கல்வி முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பருவத்துக்கான கல்விக்கென, மொன்ரிசோரி முறையை உருவாக்கிய மரியா மொன்ரிசோரி 1944இல் கொழும்புக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். சர்வோதயம் முதலிய அமைப்புகள் பின்னாளில் ஊர்களில் முன்பள்ளிகளை நிறுவின. ஆனாலும் அவற்றை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஊரிடமும் பெற்றோரிடமுமே தங்கிவிட்டது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தின் பின்னர் முன்பள்ளிகள் மாகாணத்தின் கீழ் வந்தன. குடாநாட்டின் ஐந்து கல்வி வலயங்களான யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகியவற்றில் மேற்பார்வை உண்டு. ஆனால் முன்பள்ளி ரீச்சர் அரச ஆசிரியர் சேவையில் இல்லை. பதவி உயர்வும் ஓய்வூதியமும் அவருக்கு இல்லை.

அவர் கைக்கு வரும் காசு பல துண்டுகளாக வருகிறது. பெற்றோர் கட்டும் மாதக் கட்டணம் ஒன்று, மாகாணத்தின் கொடுப்பனவு ஒன்று, மத்திய அரசின் கொடுப்பனவு ஒன்று. இந்த மத்திய கொடுப்பனவு மாதம் 2,500 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதில் 1,000 ரூபாவைக் கூட்டியது. பிள்ளை ஒன்றின் காலை உணவுக்கான நாளொதுக்கீடும் அதே திட்டத்தில் 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்ந்தது. தனியார் துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. ஒரு கிராமத்து முன்பள்ளியின் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தத் தொகையை எட்டுவது கடினம். இருபது பிள்ளைகளைக் காலை முழுக்கக் கட்டி மேய்க்கும் ஒருவருக்கு இப்படிக் கிடைப்பது எந்த வகையிலும் நியாயமான கூலி அல்ல.

பிறப்பு வீழ்ச்சி இதை இன்னும் இறுக்குகிறது. 2018இல் நாடெங்கும் 3 இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தன. 2024இல் அது 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. பிள்ளைகள் குறைந்தால் ரீச்சர்மாரும் குறையப் போதும் என்று தோன்றலாம். கட்டணத்தை நம்பிய முன்பள்ளியில் நடப்பது வேறு. இருபத்தைந்து பிள்ளைகள் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேரானாலும் ஒரு ரீச்சரும் ஓர் உதவியாளரும் தேவை. சம்பளத்துக்கான வரவு மட்டும் பாதியாகிறது.

வேலைக்கு வருபவர்களில் பலர் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கோ அரச நியமனத்துக்கோ காத்திருக்கும் இளம்பெண்கள். அழைப்பு வந்ததும் போய்விடுவார்கள். சிலரைத் திருமணம் கனடாவுக்கோ இலண்டனுக்கோ கொண்டுபோகிறது. வங்கி, கடைத்தொகுதி, தொழிற்சாலை என்று உள்ளூரிலேயே நிச்சயமான சம்பளம் தரும் இடங்களும் பெருகியுள்ளன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து புறப்பட்டார்கள். வீட்டில் சம்பளமின்றிப் பிள்ளை பார்த்த அம்மம்மாவும் இப்போது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வெளிநாட்டிலுள்ள மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மாதக்கணக்கில் போய்விடுகிறார். ஊரிலிருக்கும் மற்ற மகளின் பிள்ளைக்கு அந்த மாதங்களில் நிலையம் வேண்டியிருக்கிறது.

சம்பளம் எவ்வளவு தீர்க்கமானது என்பதற்குக் குடாநாட்டின் எல்லைக்கு அப்பால், வன்னியில், ஒரு சான்று உண்டு. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை எடுத்து நடத்தியது. அங்கு சேர்ந்த ரீச்சர்மாருக்கு மற்றவர்களின் கொடுப்பனவைப் போலப் பல மடங்கு சம்பளம் மாதந்தவறாமல் கிடைத்தது. சிறுபிள்ளைக் கல்விக்குள் படைத்துறை நுழைவதைத் தமிழ் அரசியல்வாதிகளும் சிவில் சமூகத்தினரும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் ஒரு குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணிடம் அந்தச் சம்பளத்தை விட்டுவிடச் சொல்லி, அதற்கு ஈடாக நீட்ட மாகாணத்தின் கையில் எதுவும் இருக்கவில்லை. அந்த ஊர்களில் ஆள் கிடைத்ததற்குக் காரணம் சம்பளமே.

பகல்நேரப் பராமரிப்பில் கணக்கு இன்னும் கடுமையானது. கைக்குழந்தைகள் ஐவருக்கு ஒரு பராமரிப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 30,000 ரூபா சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு நிலையம் செலுத்த வேண்டிய 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் சேர 34,500 ரூபா. பிள்ளை ஒன்றுக்கு 6,900 ரூபா. வாடகை, மின்சாரம், சாப்பாடு, சுத்திகரிப்பு எதுவும் இதில் சேரவில்லை. பத்து மணி நேரத்தை ஒருவரே தாங்க முடியாது என்பதால் மாற்றாளின் செலவும் வரும். கடையில் நிற்கும் தாயின் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போனால் அவர் வேலையை விட்டுவிடுவார். இலங்கைப் பெண்களில் மூன்றிலொரு பங்கினர் அளவே தொழிற்படையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவுக்கும் பெற்றோரால் கட்டக்கூடியதற்கும் இடையிலான இந்த இடைவெளியை அரசு நிரப்பும் இடங்களில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள், அதாவது அரசின் சிறுபிள்ளை நிலையங்கள், உள்ளன. 2025இல் 7,783 வெற்றிடங்களுக்கு ஆள் சேர்ப்பு அறிவிக்கப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளர் தொகுப்பூதியத்தில் தொடங்கி ஓராண்டு முடிந்ததும் ஊதிய ஏற்றமுறைக்குள் வருகிறார். யாழ்ப்பாணத்தவர் செறிந்து வாழும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் ஆள் தட்டுப்பாடு வந்தது. அந்த மாகாணம் தன் மானியத் திட்டத்தில் உள்ள தகுதிபெற்ற சிறுபிள்ளை ஆசிரியர்களின் அடிமட்டக் கூலியை 2024இல் மணிக்கு 23.86 கனேடிய டொலராக உயர்த்தியது.

குடாநாட்டில் ஆள் தேடும் முறை இன்னும் ஊர்வழிதான். பத்திரிகை விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் சொல்லி வருபவர்களே நிலைக்கிறார்கள். கைக்குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கும் ஆளின் குடும்பம் தெரிந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் கிராம அலுவலரின் நற்சான்றையும் பொலிஸ் அறிக்கையையும் கேட்டு வாங்குவதைத் தவிர்க்கக் கூடாது. இருபது வயதினரை மட்டும் எதிர்பார்க்கும் நிலையங்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. தேசிய தொழிற்றகைமை முறையில், செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெற வழி உண்டு. பயிற்சிச் செலவை நிலையம் ஏற்பது, வேலை நாளை இரண்டு முறையாகப் பிரித்து அரைநாள் வேலை கொடுப்பது, ஊழியரின் சொந்தப் பிள்ளைக்கு இலவச இடம் தருவது, சேமலாப நிதியை முதல் மாதத்திலிருந்தே கட்டுவது ஆகியவை சிறு நிலையங்களாலும் செய்யக்கூடியவை. சான்றிதழ் கிடைத்தவர் வேறிடம் போய்விடுவார் என்ற பயத்தில் பயிற்சியையே மறுப்பவர்கள் உண்டு. அது தவறு; பயிற்சியை மறுத்தால் பிள்ளைகள் பயிற்சியற்ற கைகளில்தான் இருப்பார்கள்.

படகில் மட்டுமே போகக்கூடிய தீவுகளில் வெளியாளைத் தேடுவதில் பயனில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போக வேண்டிய நெடுந்தீவுக்கு, கடல் கொந்தளிக்கும் நாளில் எவரும் வேலைக்குப் போக முடியாது. அங்குள்ள பெண்களையே தெரிந்தெடுத்து, பயிற்சியை அவர்களிடம் கொண்டுபோய், அங்கேயே வாழ்வதற்குப் போதுமான சம்பளத்தை மாகாணம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். சில பிள்ளைகளே உள்ள தீவில் பெற்றோரின் கட்டணத்தால் அது ஒருநாளும் ஆகாது.