விலா இடுக்கு வழியே மூன்று வால்வுகள்

சின்ன வயதில் வந்துபோன தொண்டை வலிதான், முப்பது வயதில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் என்றால் நம்புவது கடினம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பாற்றல், ஆள் மாறி இதய வால்வுகளையும் தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். முதல் அடி மிட்ரல் வால்வுக்கு. பலருக்கு அயோர்டிக் வால்வும் சேர்ந்து தடித்துப் போகும். மிட்ரல் சுருங்கினால் ரத்தம் நுரையீரலில் தேங்கும். அந்த அழுத்தத்தில் இதயத்தின் வலப்பக்கம் விரிய, டிரைகஸ்பிட் வால்வின் வாயும் அகன்று ஒழுகத் தொடங்கும்.

இவற்றைச் சரிசெய்ய நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறப்பதுதான் வழக்கம். பிறகு எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள். எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது. ருமாட்டிக் மிட்ரல் நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நுண்துளை அறுவையில் தழும்பு சிறிதாவதை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு எலும்பு தப்புவதுதான் பெரிதாகப் படுகிறது.

நுண்துளை முறையில், வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே 5 முதல் 7 சென்டிமீட்டர் கீறல் போதும். அதற்குள் மூன்று வால்வுகளும் எப்படி எட்டும்? இதயத்தின் அமைப்பே வழிவிடுகிறது. மூன்றும் நார்த்திசுச் சட்டம் ஒன்றில் நெருக்கியடித்து இருக்கின்றன. அயோர்டிக்கும் மிட்ரலும் பொதுச்சுவர் வைத்த வீடுகள் மாதிரி. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் ஹார்ட்-லங் மெஷினின் குழாய்கள் தொடை இடுக்கின் ரத்தக்குழாய்கள் வழியே போய்விடுவதால், கீறல் கருவிகளுக்கே மிஞ்சுகிறது.

சிரமம் நேரத்தில் இருக்கிறது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் நிறுத்திவைத்த இதயம் நெடுநேரம் தாங்காது. விரல் எட்டாத ஆழம் அது. வெளியே போட்ட முடிச்சை நீண்ட கம்பியின் நுனியால் உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். ஒரு வால்வுக்கே பத்துப் பன்னிரண்டு தையல், ஒவ்வொன்றுக்கும் பல முடிச்சுகள். இரண்டு வால்வு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடிச்சுக்குப் பதில் டைட்டானியக் கவ்விகள் வந்தது இந்த நெருக்கடியால்தான். செய்யும் வரிசையிலும் யோசனை உண்டு: சிதைந்த அயோர்டிக் வால்வை முதலில் வெட்டியெடுத்து, மிட்ரலைப் பொருத்திய பிறகே புது அயோர்டிக் வால்வைத் தைப்பார்கள். டிரைகஸ்பிட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வளையம் போதும். அதை இதயத்தைத் துடிக்கவிட்டபடியே தைத்துவிடலாம்.

தொடை ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்தவர்களுக்கும், வலது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்கும் பழைய வழியே பாதுகாப்பானது. அதை மருத்துவர் சொன்னால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை.

உலோக வால்வு வைத்தவர்களுக்குக் கீறல் எத்தனை சிறிதானாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. குழந்தை பெற விரும்பும் பெண், அறுவைக்கு முன்பே இதை மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.