கனமும் நாதமும்



பித்தளை வாத்தியங்களை ஊதுவோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கருவியின் கனத்தைக் கூட்டினால் நாதம் செறிவு பெறும் என்பர். இதற்கெனவே டிரம்பெட்டில் பூட்டுவதற்குக் கனத்த வளையங்களும் விற்கப்படுகின்றன. கல்லூரி நாட்களில் நானும் ஓர் ஈயத்தகட்டை என் டிரம்பெட்டின் ஊதுவாயையொட்டிச் சுற்றிக் கட்டி ஊதிப் பார்த்தேன். நாதம் முன்னினும் கம்பீரமாக ஒலித்தது. தகட்டை அவிழ்த்தும் மீண்டும் கட்டியும் ஊதினேன். கூடத்தின் கோடியில் அமர்ந்திருந்த நண்பரோ, "எப்போது கட்டினாய், எப்போது அவிழ்த்தாய்?" என்று வினவினார்! எங்கள் இருவரில் யாருடைய செவி பிழைத்தது?

விடை காண, ஒலி பிறக்கும் இடத்தை நோக்க வேண்டும். டிரம்பெட்டில் பாடுவது பித்தளை அன்று. அதனுள் அடங்கிய காற்றுத் தம்பமே. உதடுகளின் துடிப்பு அக்காற்றை அதிரச் செய்கிறது. குழலின் நீளமும் வடிவமுமே எந்தெந்தச் சுரங்கள் எழும் என்பதை வரையறுக்கின்றன. விரிந்த வாய் ஒலியின் ஒரு பகுதியை வெளியே விடுத்து, எஞ்சியதை உதடுகளுக்கே திருப்பி அனுப்புகிறது. இவ்வேளையில் மெல்லிய உலோகச் சுவரும் சற்றே நடுங்குகிறது. கனத்தைக் கூட்டினால், அதே விசைக்கு அச்சுவர் குறைவாக அசையும். கனத்தின் வேலை அவ்வளவே.

1980-களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்மித் என்பார், வாயின் தகட்டுத் தடிப்பு மட்டுமே வேறுபட்ட டிராம்போன்களைச் செய்தார். எடை வேறுபாடு கைக்குப் புலனாகாதவாறு சரிக்கட்டி, தேர்ந்த வித்துவான்களைக் கண்ணைக் கட்டி ஊதச் செய்தார். எது மெல்லியது, எது தடித்தது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. ஆயினும், 2005-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ராலின்ஸ் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் மூரும் அவர் குழுவினரும், செயற்கை உதடுகளால் டிரம்பெட்டை ஒலிக்கச் செய்து, மணல் மூட்டைகளால் அதன் வாயின் நடுக்கத்தை அடக்கினர். அடிச்சுரத்திற்கும் மேற்சுரங்களுக்கும் இடையேயுள்ள வலிமை விகிதம் சிறிது மாறியதை அளவுகருவிகள் காட்டின.

எனவே விளைவு இல்லாமலில்லை. ஆனால் அது மிகச் சிறிது. ஊதுபவர் உலோகத்தின் நடுக்கத்தை விரல்களாலும் உதடுகளாலும் உணர்கிறார். அந்த உணர்வு மாறும்போது நாதமே மாறியதாக அவர் மனம் கொள்கிறது. அன்று நான் பொய்யுரைக்கவில்லை. என் கை அறிந்ததைச் செவி அறிந்ததாக எண்ணிவிட்டேன்.

கனத்த வளையத்திற்குப் பணம் செலவிடுமுன், நண்பர் ஒருவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பவர் செவியே இதில் நடுவர்.