ஆயில் எஞ்சினுக்கு ஏற்ற ஹெட் பாக்கிங்

ஆயில் எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்தாயிற்று. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதியவை. ஆயினும் காலை வேளையில் இருவர் மாறி மாறிச் சுற்றினாலும் கிளம்ப மறுக்கிறது. வெள்ளைப் புகைதான் வருகிறது. இப்படிக் குறைப்படும் விவசாயிகள் உண்டு. பயிர் வாடும் நேரத்தில் டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிச் செலவு செய்யுமுன், ஹெட்டுக்கு அடியில் என்ன கனமுள்ள பாக்கிங் வைக்கப்பட்டது என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூடே டீசலைப் பற்ற வைக்கிறது. 80 மி.மீ. போரும் 110 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள 5 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே தள்ளும் காற்று 553 கன செ.மீ. கம்ப்ரஷன் விகிதம் 16.5 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 35.7 கன செ.மீ. மட்டுமே. பாக்கிங்கின் கனம் அரை மில்லிமீட்டர் கூடினால் அங்கே 2.5 கன செ.மீ. சேர்ந்து, விகிதம் 15.5 ஆக இறங்கிவிடும். கனம் குறைந்தாலோ பிஸ்டன் வால்வில் இடிக்கலாம். ஆகவே கசிவை நிறுத்த இரண்டு பாக்கிங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது தவறான வேலை.

கடையில் வாங்கும்போது எஞ்சின் மாடலைச் சொல்லிக் கேட்பதுடன், பழைய பாக்கிங்கையும் எடுத்துச் செல்லவும். போர், தண்ணீர்த் துளை, ஸ்டட் துளை எல்லாம் பொருந்த வேண்டும். நட்டுகளை இறுக்கிய பின் நிற்கும் கனமே கணக்கு. பழைய பாக்கிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்கவும்.

இடைவெளியை அளக்க ஈயக் கம்பி போதும். இறுக்கினால் நிற்கும் இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த இரு துண்டுகளை, பிஸ்டன் பின் செல்லும் திசையில் எதிரெதிர் ஓரங்களில் கிரீஸ் தடவி ஒட்டவும். நடுக்குழியிலும் வால்வுக்கு நேராகவும் வைக்கக் கூடாது. பாக்கிங் வைத்து ஹெட்டை முறைப்படி இறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் உச்சியைத் தாண்டச் செய்யவும். பிறகு ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் பார்த்து, எஞ்சின் கையேட்டில் உள்ள அளவுடன் ஒப்பிடவும். ஹெட்டைப் பட்டறையில் சீவியிருந்தால் வால்வு முன்னைவிடக் கீழே நிற்கும், அதையும் கவனிக்கவும். சில எஞ்சின்களில் சிலிண்டருக்கு அடியில் வைக்கும் தகடுகளைக் கூட்டிக் குறைத்தே இந்த இடைவெளியைச் சரி செய்வார்கள்.

கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் டீசலை அடைத்துவிட்டு, இன்ஜெக்டர் துளையில் பொருத்திப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சின் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. கையால் சுற்றும்போது கேஜ் குறைத்தே காட்டும். ஆகையால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே விதமாகச் சுற்றி ஒப்பிட வேண்டும். அளவு குறைவாயிருந்தால் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்ப்பது வழக்கம். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது லைனர் மீது சந்தேகம். உயராவிட்டால் வால்வையும் பாக்கிங்கையும் பார்க்க வேண்டும். எண்ணெய் அதற்கு மேல் வேண்டாம். இவ்வளவு சிறிய இடத்தில் எண்ணெயே இடத்தை அடைத்து, இல்லாத கம்ப்ரஷனைக் காட்டிவிடும்.

ஹெட் நட்டுகளை டார்க் ஸ்பானரால், நடுவிலிருந்து குறுக்காக, மூன்று தவணைகளில் இறுக்குவது நல்லது. எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி ஆறவிட்டு, கையேடு சொன்னால் மீண்டும் இறுக்கி, அதன்பின் டாப்பெட் இடைவெளியைச் சரி செய்யவும்.