காப்பீட்டுப் பணம் எத்தனை நாளில் வரவேண்டும்?

ஈரத் தோலைத் தூக்கிப்போடுகிறவருக்கு இடுப்பு, நாளெல்லாம் குனிந்து ஷூ அப்பர் தைக்கிறவருக்குக் கழுத்து. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த வலிகள் தோல் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன. ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிசியோதெரபி என்று செலவு ஏறும்போது கைக்கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அதன்பிறகு பல வாரங்களுக்கு ஒரே பதில்தான்: “பரிசீலனையில் இருக்கிறது.” கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

அந்தப் பரிசீலனைக்குக் காலக்கெடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கேஷ்லெஸ் சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் தொகையை நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். நோயாளி முதலில் கட்டிவிட்டுப் பின்பு கேட்கும் கிளெய்முக்கு 15 நாள் கெடு. தவறினால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி.

எந்த நிறுவனம் வேகமாகக் கொடுக்கிறது என்று பாலிசி வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். விளம்பரத்தில் வரும் ‘கிளெய்ம் செட்டில்மென்ட் விகிதம்’ வேகத்தைச் சொல்லாது. ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு, உடல்நலக் காப்பீட்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியிடும் விவரங்களில் என்எல்-39 என்று ஒரு படிவம் உண்டு. கொடுத்த கிளெய்ம்களில் எத்தனை ஒரு மாதத்துக்குள், எத்தனை மூன்று மாதத்துக்குள், எத்தனை அதற்கும் மேல் என்று அது காலவாரியாகப் பிரித்துக் காட்டும். ஆனால், பணம் கொடுத்தவை மட்டுமே அதில் வரும், நிராகரித்தவை வராது. அதற்கு என்எல்-37 படிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீக்கிரம் கொடுக்கும் நிறுவனம் நிறைய நிராகரிக்கவும் கூடும். 2023-24இல் மட்டும் நாட்டில் 2.69 கோடி உடல்நலக் கிளெய்ம்களுக்கு 83,493 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய தொகை எத்தனை நாளில் கைக்கு வந்தது என்பது சின்ன விஷயம் அல்ல.

பிசியோதெரபி பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநோயாளியாகப் போய்வந்த செலவைப் பெரும்பாலான சாதாரண பாலிசிகள் தருவதில்லை. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, அதன் தொடர்ச்சியாக டாக்டர் எழுதித் தந்த பிசியோதெரபி என்றால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாகக் கேட்கலாம். எத்தனை நாள் வரை என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். டாக்டரின் சீட்டும் தேதியிட்ட ரசீதுகளும் இல்லாவிட்டால் தகுதியுள்ள பணமும் போய்விடும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய்க்கால உதவித்தொகையை உரிய சான்றுகளோடு கேட்ட 7 நாளுக்குள்ளும், வேலையில் அடிபட்டவரின் தற்காலிக ஊன உதவித்தொகையின் முதல் தவணையை ஒரு மாதத்துக்குள்ளும் தர வேண்டும் என்கின்றன இ.எஸ்.ஐ. விதிமுறைகள். இழுத்தடித்தால் 1800 11 2526இல் புகார் செய்யலாம்; உரிமையிலேயே தகராறு என்றால் இ.எஸ்.ஐ. நீதிமன்றம் போகலாம். வீட்டிலிருந்தபடி துண்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கும் பெண்களில் பலருக்கு இ.எஸ்.ஐ.யும் கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

தனியார் பாலிசியில் பணம் வராவிட்டால் முதல் வேலை, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ புகார் தளத்திலும் 155255 எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் தீர்ப்பை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் பாலிசிதாரருக்குத் தர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் இரண்டாண்டுக்குள் அணுகலாம்.

‘தாமதமாகத் தகவல் சொன்னீர்கள்’ என்ற ஒற்றைக் காரணத்தைக் கண்டு யாரும் சோர்ந்துவிட வேண்டாம். அந்தக் காரணத்துக்காக மட்டும் நியாயமான கிளெய்மை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011 செப்டம்பர் 20 அன்றே நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது.

இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய ஊழியர்களுக்காகக் குழுப் பாலிசி எடுக்கும் தோல் தொழிற்சாலைகள் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுக் கையெழுத்திடக் கூடாது. அடுத்த புதுப்பித்தலின்போது என்எல்-37, என்எல்-39 இரண்டையும் மேசையில் வைத்துப் பேசும்படி தொழிற்சங்கங்கள் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.